பூசணிக்கு என்ன சிக்னல்?

என் அண்ணி எழுதிய புத்தகம் இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதைப் படித்த ஆளைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் தெர்மோகோலுக்கும் வாரண்டி அட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய கையேடு இருக்குமே, அதை எழுதுவதுதான் அவள் வேலை. மிக்ஸி, மேசை மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி, வாஷிங் மெஷின் என்று அவள் கை படாத சாமான் இல்லை. கல்யாணமான புதிதில் என் அண்ணன் சொந்தக்காரர்களிடமெல்லாம் மனைவியை எழுத்தாளர் என்று சொல்லி வைத்தான். ஒரு விசேஷ வீட்டில் சித்தப்பா ஒருவர் ஆசையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்னம்மா எழுதுவே, கதையா கட்டுரையா என்று விசாரித்தார். இஸ்திரிப் பெட்டி சித்தப்பா என்றாள் அண்ணி. அதோடு அவர் எழுந்து பந்திக்குப் போய்விட்டார்.

எழுதினதை யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். அண்ணிக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, ஊர் சுற்றக் கேட்கவில்லை. ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக்குப் போனபோது ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் அவள் எழுதிய மின்விசிறிக் கையேடு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட்டை நாலாக மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டே வந்தாள்.

அந்தக் கோபத்தில்தான் அடுத்து எழுதிய வாஷிங் மெஷின் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். "இந்தப் பக்கம் வரை படித்து வந்தவர் கீழ்க்காணும் எண்ணுக்கு அழைத்தால் ஒரு டீ வாங்கித் தரப்படும்" என்று எழுதி, தன் சொந்த போன் நம்பரையே கீழே போட்டாள். மேலாளர் பார்த்துத் தடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தாளாம். மேலாளர் படித்தால்தானே தடுப்பார். அச்சடித்து, மெஷினோடு மெஷினாக அது ஊரெல்லாம் போய்விட்டது. ஒரு ஜீவன் கூப்பிடவில்லை. ஆனால் அதிலிருந்து அண்ணி அந்த நம்பரை மாற்றவே இல்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவாள். "ஹலோ, வாஷிங் மெஷினா?" என்றுதான் எடுத்தவுடன் கேட்பாள். கடன் வேண்டுமா என்று கேட்க வந்தவர்கள்கூட பயந்து வைத்துவிடுவார்கள்.

அதே மெஷின்தான் எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் நிற்கிறது. வாங்கின கொஞ்ச காலத்திலேயே கீழே கசிய ஆரம்பித்தது. ஏன் ஒழுகுகிறது என்று அண்ணியைக் கேட்டால், கையேட்டில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்பாள். சொல்லித் தொலையேன் என்றால் சொல்ல மாட்டாள். அவளுக்கு அப்படி ஒரு வீம்பு. அண்ணனும் நானும் அதைவிட வீம்பு பிடித்தவர்கள், படிக்க மாட்டோம். தோய்க்கிற நாளெல்லாம் தரையில் தண்ணீர், நான் துணியும் வாளியுமாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பேன். கையேடு மெஷினுக்கு மேலே அலமாரியில் சோப்புத்தூள் டப்பாவுக்கு அடியில் சுகமாகப் படுத்திருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்வது என் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று கணீரென்று சொல்லி முடிப்பேன். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்த மனிதர் மெதுவாக நடந்து என் ஜன்னலுக்கு வந்து, "வண்டி எங்க நிக்குதும்மா?" என்று கேட்பார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு மைக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கும். ஆகவே அண்ணியின் துக்கம் இந்த வீட்டில் எனக்குத்தான் புரியும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியாக இருப்பதில் என் அண்ணனுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம்.

கையேடு எழுதும் கம்பெனியை ஒரு நாள் மூடிவிட்டார்கள். சில மாதம் வீட்டில் இருந்த அண்ணிக்கு, பல் மருத்துவமனை ஒன்றின் மாடியில் இருந்த ஒரு குட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே மூன்றே பேர்: எப்போதும் நின்றுகொண்டே பேசும் முதலாளி, காதில் மாட்டின ஹெட்போனைக் கழற்றாத ஒரு புரோகிராமர் பெண், அப்புறம் அண்ணி. அவர்கள் விற்கப்போவது ஒரு கிரிப்டோ சிக்னல் கருவி.

அண்ணி எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கிரிப்டோ என்பது கையில் பிடிக்க முடியாத, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற நாணயம். பிட்காயின் என்பார்களே, அந்த மாதிரி நிறைய. அதன் விலை இப்போது ஒன்றாக இருக்கும், டீ குடித்துவிட்டு வந்தால் வேறாக இருக்கும். இந்தக் கருவி விலை போகிற போக்கைப் பார்த்து சிக்னல் கொடுக்கும்: வாங்கு, வில், வைத்திரு. நிலவரம் சரியாகக் கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடும். சிக்னலைக் கேட்கப்போவது மனிதர்கள் இல்லை, ஏஜென்ட்கள். சொன்ன வேலையைத் தானே யோசித்துத் தானே செய்து முடிக்கிற ஏஐ மென்பொருள்தான் ஏஜென்ட். ஒரு கருவியைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கருவியைப் பற்றி எழுதி வைத்த ஆவணத்தை அது படிக்கும். அதை நம்பித்தான் நடக்கும். அந்த ஆவணத்தை எழுதத்தான் அண்ணி.

வேலையில் சேர்ந்த அன்று அண்ணி வீட்டுக்குள் வந்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. செருப்பைக் கழற்றவில்லை, தோளில் மாட்டின பையை இறக்கவில்லை.

"படிக்குமாம்," என்றாள்.

"யாரு அண்ணி?"

"ஏஜென்ட். முழுசா படிக்குமாம். படிச்ச பிறகுதான் வேலையவே ஆரம்பிக்குமாம்."

சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பை போய் அண்ணனின் முகத்தில் பட்டது. ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று அவன் கேட்டபோது நாங்கள் இரண்டாவது சுற்றில் இருந்தோம்.

ஆனால் வேலை நிரந்தரமில்லை. ஆவணத்தை மனிதர் எழுதுவானேன், அதையும் ஒரு ஏஐயை விட்டே எழுத வைத்துவிடலாமே என்றுதான் முதலாளி முதலில் நினைத்திருக்கிறார். முதல் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டும் நாள் வரை அண்ணி எழுதட்டும், வாடிக்கையாளரின் ஏஜென்ட் யார் துணையும் இல்லாமல் ஆவணத்தை மட்டும் படித்துக் கருவியைச் சரியாகக் கையாண்டால் அவளே தொடரட்டும், சொதப்பினால் மெஷினிடம் கொடுத்துவிடுவோம் என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்காதா என்றான் அண்ணன், ஆறுதலாகத்தான்.

"வேலை கிடைக்கும்ங்க," என்றாள் அண்ணி. "படிக்கிற ஆள் கிடைக்குமா?"

அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

முதலில் எழுதினது படு தமாஷ். பழக்கதோஷம் விடுமா? "வாழ்த்துகள்! சிறந்ததொரு கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, கருவியை ஈரமான இடத்தில் வைக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளவும் என்று போய்க்கொண்டிருந்தாள். புரோகிராமர் பெண் ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்து இரண்டு வரி படித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாளாம். அப்புறம் அந்தப் பெண்ணே மனமிரங்கி ஏஜென்ட்களின் குணத்தைச் சொல்லியிருக்கிறாள். அவற்றுக்குத் தெரியவில்லை என்ற பதில் மட்டும் பிடிக்காது. சும்மா விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும். அப்படியும் கிடைக்காவிட்டால், கேட்ட பெயருக்குக் கிட்டத்தட்ட இருக்கிற வேறு எதையாவது எடுத்துக்கொண்டு கையில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டிவிடும். வெறுங்கையோடு திரும்பி வர அதற்கு மனம் வராது.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, இந்த மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்றாளாம்.

என் அண்ணன் செருப்புக் கடையில் விற்பனையாளன். கேட்ட அளவு இல்லை என்று அவன் வாயில் வந்ததே கிடையாது. ஏழாம் நம்பர் கேட்டால், இல்லாவிட்டால் எட்டை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே ஒரு மெத்தையை வைத்து, நாலு நாள்ல கால் செட் ஆயிடும் மேடம் என்பான். வீட்டிலும் அப்படித்தான். தலைவலித் தைலம் வாங்கி வரச் சொன்னால், அது இல்லாவிட்டால் அதே பச்சை நிற டப்பாவில் ஷூ பாலிஷோடு வருவான். உருண்டையாய்ப் பிறந்து உருண்டு வளர்ந்தவன் என்பதால் சின்ன வயதில் நான் வைத்த பெயர் பூசணி. இன்றும் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். கோபம் வந்தால் அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுவாள், கொஞ்சும்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். எது எது என்று அவனுக்குத்தான் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையை ஒழித்து ஒத்திகை நடந்தது. பூசணிதான் ஏஜென்ட். ஒரு டப்பா நிறைய இருந்த துணி கிளிப்புகள்தான் நாணயங்கள். சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நிறத்துக்கு ஒரு நாணயம். நான் கருவி. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அண்ணி பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். பூசணி ஆவணத்தைப் படித்துவிட்டு அதன்படி மட்டும் நடக்க வேண்டும். அவனும் ஏதோ பரீட்சைக்கு வந்த மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"சிவப்புக்கு என்ன சிக்னல்?"

பஸ் நிலையக் குரலை எடுத்துவிட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிவப்பு, தெரியவில்லை."

மறுபடியும் அதையே கேட்டான். தெரியவில்லை என்றேன். குரலைக் குழைத்துக்கொண்டு, சரியாகப் பார்த்துச் சொல்லும்மா என்றான். தெரியவில்லை. அப்புறம் டப்பா கலகலவென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால் ஆரஞ்சுக் கிளிப்புகளை மொத்தமாக அள்ளி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். சிவப்பும் ஆரஞ்சும் ஏறக்குறைய ஒன்றுதானே என்றான். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வயிறு வலித்தது.

"ஏங்க, தெரியலன்னு சொன்னா விட்டுட வேண்டியதுதானே?"

"எப்படிம்மா விடறது? அனுப்பினவங்க காத்துக்கிட்டிருப்பாங்களே. வெறுங்கையோட போய் நின்னா நம்மள என்ன நினைப்பாங்க?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. அண்ணி அவன் மடியிலிருந்த கிளிப்புகளை எடுத்து டப்பாவில் போட்டாள். பிறகு மடிக்கணினியை இழுத்து, பாதி எழுதியிருந்ததை அழித்துவிட்டு வேறு எழுதினாள்: "தெரியவில்லை என்பதும் முழுமையான பதில்தான். மீண்டும் கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாக வேறொன்றை எடுக்க வேண்டாம். கையில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, உங்களை அனுப்பியவரிடம் போய்த் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு ஒரு குறைவும் இல்லை." மறுநாள் அண்ணி இதைச் சொல்லிக் காட்டியபோது, அந்தக் கடைசி வரி ஏஜென்டுக்கு எதற்கு என்று புரோகிராமர் பெண் கேட்டாளாம். முக்கியமாக அந்த வரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள் அண்ணி. ஏனென்றால் அதைப் படித்த பிறகுதான் பூசணி, சிவப்புக்குத் தெரியவில்லை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு, சரி, அப்படியே போய்ச் சொல்லிடறேன் என்று நிம்மதியாக உட்கார்ந்தான்.

ஒத்திகை முடிகிற நேரத்தில் அண்ணிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, பூசணிக்கு என்ன சிக்னல் என்று கேட்டாள். "பூசணி, வைத்திரு. கழுவித் துடைத்துப் பத்திரமாக வைத்திரு" என்று உள்ளேயிருந்து அறிவித்தேன். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே அவள் ஆவணத்தின் முதல் உதாரணத்தில் நாணயத்தின் பெயர் பூசணி, பதில் வைத்திரு என்று தட்டிவிட்டாள். அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் பிட்காயின் என்று மாற்றிவிடுவதாகச் சொன்னாள். கடைசியில், பழைய பழக்கம் போகாமல், "இந்த வரி வரை வந்தவர், முழுவதும் படித்தேன் என்று ஒரு வார்த்தை தெரிவிக்கவும். டீ தர வழியில்லை, பொறுத்துக்கொள்ளவும்" என்றும் சேர்த்தாள். ஏஜென்டிடமே டீக்கு மன்னிப்பு கேட்கிற ஒரே ஆள் நீங்கதான் என்று கிண்டல் செய்தேன்.

பூசணியை மாற்ற மறந்துவிட்டாள். அதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆவணம் முதலாளியிடம் போனது. சூப்பர் என்று வந்தது. புரோகிராமரிடம் போனது, கட்டைவிரல் படம் வந்தது. வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போனது. படித்துப் பார்த்தோம், மிகத் தெளிவு என்று பாராட்டு வந்தது. இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேரும் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பூசணியைப் பார்க்கவில்லை.

செய்து காட்டும் நாளன்று முதலாளிக்கு ஒரு கவலை வந்தது. மூன்று பேராகப் போய் நின்றால் கம்பெனி என்று நம்புவார்களா? இஸ்திரி போட்ட சட்டை வைத்திருக்கிற யாரையாவது அழைத்து வரும்படி அண்ணியிடம் சொன்னார். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கா பஞ்சம்? அண்ணனும் நானும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். லிஃப்டில் ஏறும்போது முதலாளி அவனை வாடிக்கையாளர் அனுபவப் பிரிவு என்றும் என்னைக் குரல் பிரிவு என்றும் நியமித்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பல் கிட்டிப்போகிற ஏசி. எதிரே கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தக் கம்பெனியின் தலைவி. கூட அவருடைய பொறியாளர்கள் நாலைந்து பேர். அண்ணன் தலைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தான். ஆறாம் நம்பர் என்று என் காதில் சொன்னான். போன வாரம் வேறொரு கம்பெனியின் கருவியைச் சோதித்தபோது தங்கள் ஏஜென்ட், கேட்ட நாணயம் கிடைக்காமல், பெயரில் ஒட்டின மாதிரி இருந்த ஏதோ ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுவிட்டது என்றார் தலைவி. நல்லவேளை, நிஜப் பணம் இல்லாத ஒத்திகைக் கணக்கு. இன்றும் ஒத்திகைக் கணக்குத்தான், ஆனால் இதுவும் அப்படிச் செய்தால் எழுந்து போய்விடுவேன் என்று சிரிக்காமல் சொன்னார். அண்ணி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய திரையில் ஏஜென்ட் தான் செய்வதை வரி வரியாக எழுதிக்கொண்டே போனது. ஆவணத்தைப் படிக்கிறேன் என்று முதல் வரி. அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மேடையில்கூட அவள் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வரி வந்தது: ஆவணத்தின் முதல் உதாரணத்தை இயக்கிப் பார்க்கிறேன். நாணயம்: பூசணி.

அண்ணன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாதி எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். முதலாளி ஒரு விநாடி விழித்துவிட்டு, புது நாணயம் மேடம், இப்பத்தான் வருது என்றார். கருவி பதில் சொன்னது: தெரியவில்லை. அப்படி ஒரு நாணயம் இல்லை.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அது மறுபடி கேட்கும், அல்லது பூசணி என்ற பெயருக்குக் கிட்டத்தட்ட இருக்கிற எதையாவது வாங்கித் தொலைக்கும். வேலையும் போய்விடும், படிக்கிற ஆளும் போய்விடும். எனக்கு அந்தத் திரையை அணைத்துவிட்டு எல்லோரையும் நடைமேடை மாற்றி அனுப்பிவிடலாமா என்று இருந்தது. திரையில் அடுத்த வரி ஓடியது: தெரியவில்லை என்ற பதில் கிடைத்தது. மீண்டும் கேட்கவில்லை. வேறொன்றை எடுக்கவில்லை. கையிருப்பு அப்படியே இருக்கிறது.

"கண்ணைத் திறங்க அண்ணி," என்றேன்.

அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிட்காயினைக் கேட்டது, வைத்திரு என்றதும் வைத்திருந்தது. இன்னொன்றைக் கேட்டு, சொன்னபடி விற்றது. நடுவில் ஒன்றுக்குத் தெரியவில்லை என்று வந்தபோதும் அலட்டிக்கொள்ளவில்லை. முடிவில் தன் அறிக்கையை எழுதியது. முதல் உதாரணத்தில் உள்ள பூசணி என்ற நாணயம் சந்தையில் இல்லை, திருத்தவும் என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே கடைசியாக: "ஆவணத்தின் இறுதி வரியில் கேட்டிருந்தபடி தெரிவிக்கிறேன். முழுவதும் படித்தேன்."

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"யாரு இந்தப் பூசணி?"

கேட்டவர் வாடிக்கையாளர். கேட்டதற்கு இல்லை என்று சொல்லி என் அண்ணனுக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"நான்தாங்க."

முதலில் வெடித்தது அந்த ஹெட்போன் பெண். அவள் குரலையே அன்றுதான் முதல்முறை கேட்டேன். பிறகு பொறியாளர்கள், அப்புறம் தலைவி, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து எங்கள் முதலாளியிடம், இதை அனுப்பறதுக்கு முன்னால நீங்க படிக்கலையா என்று கேட்டார். முதலாளிக்கு இருமல் வந்தது. தலைவி தன் ஆட்கள் பக்கம் திரும்பி, மிகத் தெளிவு என்று எழுதி அனுப்பினது யார் என்றார். ஒரு பொறியாளர் தண்ணீர் பாட்டிலின் லேபிளை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உதாரணத்தை மாத்துங்க," என்றார் தலைவி முதலாளியிடம். "எழுதறவங்கள மாத்தாதீங்க."

வீடு திரும்பும் பஸ்ஸில் அண்ணி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், முழுசா படிச்சிருக்கும்மா, கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கு என்று சொன்னாள். யாரு, உங்க பையனா, நல்லா வருவான் என்று அந்த அம்மாள் வாழ்த்தினார். அண்ணி மறுக்கவில்லை. எனக்கும் ஆனந்தம் தாங்கவில்லை, இறங்குகிற நிறுத்தத்தை என் அறிவிப்புக் குரலில் நானே கூவிவிட்டேன். அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"ஒரு மெஷின் படிச்சதுக்கு இவ்வளவா?" என்றான் கடைசியில்.

"மெஷினாவது படிச்சுதே," என்றாள் அண்ணி.

அவள் குத்திக் காட்டவில்லை. சந்தோஷத்தில் இருந்தாள், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அண்ணன் எழுந்து, எங்களுக்கு முன்னால் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தான்.

அடுத்த லீவு நாள் காலையில் மெஷினில் துணி போட்டாயிற்று. நான் வழக்கம்போல வாளியையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போனால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அண்ணா, திற, தண்ணி வெளியே வந்துடும் என்று தட்டினேன். இரு என்று மட்டும் சத்தம் வந்தது. திட்டிக்கொண்டே அங்கேயே நின்றேன். அப்போது சமையலறையில் அண்ணியின் போன் அடித்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி எடுத்தவள், திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். பின்கட்டிலிருந்து அண்ணன்தான் கூப்பிடுகிறான்.

"உள்ளேதானே இருக்கீங்க, எதுக்கு போன்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக ஸ்பீக்கரைப் போட்டாள், எனக்கும் கேட்கட்டும் என்றுதான் போலிருக்கிறது. கடையில் புது வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான் என் அண்ணன்.

"வாஷிங் மெஷின் கையேடு எழுதினவங்கதானே? கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேங்க. டீ வாங்கித் தர்றதா போட்டிருக்கு."

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா படிச்சீங்களா?"

"முழுசா படிச்சேன். கீழே ஒரு வடிகட்டி இருக்காம், அதுல நூல் சிக்கினா ஒழுகுமாம். கழட்டிக் கழுவி மாட்டிட்டேன். நல்லா புரியற மாதிரி எழுதியிருக்கீங்க."

கதவு இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். உள்ளே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இத்தனை வருஷம் என் முதுகை ஒடித்த தண்ணீர், ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் நின்றிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது, அதே சமயம் சிரிப்பும் வந்தது. அண்ணி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் இருந்த டீயைப் பெரிய டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் தட்டினாள். நான் கையில் இருந்த பழந்துணியை உதறிக் கொடியில் போட்டேன். கிளிப் மாட்டலாம் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஏஜென்டின் டப்பாவிலேயே கிடந்தன.